தகரத்துக்கு அந்தப் பக்கம்

2025 ஜூனில் ஒரே வாரத்தில் பத்துப் பதினைந்து பேர் எனக்கு ஒரே வீடியோவை அனுப்பினார்கள். தண்ணீரில் நின்றுகொண்டு, ‘ஏங்க’ என்று கூப்பிட்டு, கூமாபட்டிக்கு வரச்சொல்லும் ஓர் இளைஞரின் வீடியோ. “உங்க ஊர்ப் பக்கம்தானே மச்சி? இவ்ளோ நாள் சொல்லவே இல்ல!” என்று ஆபீஸ் நண்பன் கோபித்துக்கொண்டான். ஆமாம், எங்கள் ஊர்ப் பக்கம்தான். எனக்குச் சொந்த ஊர் வத்திராயிருப்பு. கூமாபட்டி பக்கத்து ஊர். அதைத் தாண்டிப் போனால் பிளவக்கல்.

பிளவக்கல் என்பது ஓர் அணை அல்ல, இரண்டு. பெரியாறு ஒன்று, கோவிலாறு ஒன்று. இந்தப் பெரியாறு முல்லைப் பெரியாறு இல்லை, அதன் பெயரைக் கொண்ட சின்னத் தம்பி. இதற்கு 47 அடி, கோவிலாற்றுக்கு 42 அடி. எழுபதுகளில் கட்டியவை. ஐப்பசி கார்த்திகையில் மலையில் மழை இறங்கினால் இவை நிரம்பும், கண்மாய்கள் நிரம்பும், எங்கள் வயல்கள் பச்சையாகும். மற்ற மாதங்களில் மலையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்போம். அந்த ஜூனில் வெளியூர்க் கார்கள் வரிசையாக வந்து, தண்ணீர் எங்கே என்று தேடியதாக அப்பா போனில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு ஐந்து வருடம் முன்பு என் தெருவுக்குள் ஒரு சைக்கிள்கூட வர முடியாமல் தகரம் அடித்திருந்தது நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஒரு கடன் இருக்கிறது.

2020 ஜூன் 15 அன்று, சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் 19ஆம் தேதியிலிருந்து முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, தினமும் இரண்டு வேளை இன்சுலின். அதைக் காரணம் காட்டி இ-பாஸ் வாங்கி, 17ஆம் தேதி ராத்திரி ஊர் வந்து சேர்ந்தேன். வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பதினான்கு நாள் மாடி அறையில் இருந்தேன். அம்மா சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டு இறங்கிப் போவாள். தெருவில் போகிறவர்கள் எங்கள் வீடு வந்ததும் எதிர்ப்பக்கமாக ஒதுங்கி நடப்பதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். சின்ன வயதில் என்னைத் தூக்கித் திரிந்தவர்கள் அவர்கள். ஜூலை ஒன்றாம் தேதி ஸ்டிக்கரைக் கிழித்தேன். பசை முழுதாகப் போகவில்லை.

பத்து நாள் கழித்து, 10ஆம் தேதி ராத்திரி, எதிர்வீட்டு வாசலில் 108 வந்து நின்றது. எதிர்வீட்டு மாமா லோடு வண்டி ஓட்டுகிறவர். தேங்காய் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்வருவார். லுங்கியும் துண்டும் ஒரு கட்டைப் பையுமாக அவரே நடந்து வந்து வண்டியில் ஏறினார். அத்தை வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார். அழவில்லை. கதவைப் பிடித்த கையை மட்டும் எடுக்கவேயில்லை.

அப்போது நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். மாடி ஜன்னலிலிருந்து அதைப் போட்டோ எடுத்தேன். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். ‘எதிர்வீட்டுக்கு வந்துருச்சு’ என்று கீழே ஒரு வரி. கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன், அதைவிட மோசம் என்றுதான் இப்போது தோன்றுகிறது. நிம்மதி. சென்னையிலிருந்து வந்தவன் நான், நோய் வந்தது எங்கள் வீட்டில் இல்லை என்ற நிம்மதி. பத்து நிமிடத்தில் அது சித்தப்பாவிடமிருந்து அவர் நண்பருக்கு, அங்கிருந்து ஊர்க் குழுக்களுக்கு. மதுரையில் இருக்கும் தன் அண்ணன் போன் பண்ணிக் கேட்டபோதுதான், தன் வீட்டு வாசல் ஊரெல்லாம் சுற்றுகிறது என்று அத்தைக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சுத்தியல் சத்தம். தெருவின் இரண்டு முனையிலும் சவுக்குக் கட்டை நட்டு ஆள் உயரத்துக்கு மேல் தகரம் அடித்தார்கள். ‘கட்டுப்படுத்தப்பட்ட பகுதி’ என்று பேனர். ஒரு மூலையில் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு சந்து, அதற்கும் ஒரு தடுப்பு. மொத்தம் முப்பத்திரண்டு வீடுகள். ஆடி பிறக்கும் முன்பே அந்த வருடம் ஆடிக் காற்று வந்துவிட்டது. தகரம் ராத்திரி முழுக்கத் தடதடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். இன்றைக்கும் எங்கேயாவது கட்டட வேலை நடக்கும் இடத்தில் காற்றில் தகரம் ஆடினால் எனக்குத் தொண்டை காய்ந்துவிடும்.

எங்களை அடைத்த சட்டத்தை அந்த நாட்களில் உட்கார்ந்து படித்தேன். 1897ஆம் வருடத்துக் கொள்ளைநோய்ச் சட்டம். வேலைக்காக நான் படிக்கும் எந்த ஆவணத்தைவிடவும் சின்னது, நாலே பிரிவுகள். முதலாவது பெயர். இரண்டாவது, நோயைத் தடுக்கத் தேவை என்று அரசு நினைக்கும் எந்த விதியையும் போடலாம். மூன்றாவது, மீறினால் தண்டனை. நாலாவது, நல்லெண்ணத்தோடு செய்த அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது. அடைக்கப்பட்டவருக்குச் சோறு யார் போடுவது, மருந்து யார் கொண்டுவருவது என்பதற்கு அதில் ஒரு வரி இல்லை.

1896இல் பம்பாயில் பிளேக் வந்ததும் அவசர அவசரமாகக் கொண்டுவந்த சட்டம் அது. புனாவில் அதைச் சிப்பாய்களை வைத்து நடத்தினார்கள். வீடு புகுந்து சோதனை, பெண்களைத் தெருவில் நிறுத்திப் பரிசோதனை, சாமான்களை வாரிப் போட்டு எரிப்பது. பிளேக் கமிட்டித் தலைவர் வால்டர் ராண்டை 1897 ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். விக்டோரியா மகாராணியின் வைரவிழா விருந்து முடிந்து அவர் திரும்பிய ராத்திரி அது. சென்னை மாகாணம் கொஞ்சம் வேறு மாதிரி. இங்கே பிளேக் பாஸ்போர்ட் என்று ஒன்று வைத்திருந்தார்கள். நோயுள்ள ஊரிலிருந்து ரயிலில் வருகிறவர் கையில் அந்தச் சீட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். அவர் போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாள் தினமும் அதிகாரி முன்னால் போய் நின்று முகத்தைக் காட்ட வேண்டும். என் இ-பாஸுக்கும் ஸ்டிக்கருக்கும் நூற்றிருபது வயது என்று தெரிந்தபோது, ஏனோ கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆனால் அந்த மாதத்தில் நாங்கள் பயந்தது நோய்க்கு மட்டுமில்லை. மூன்று வாரம் முன்புதான் சாத்தான்குளம் நடந்திருந்தது. ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஜூன் 19 அன்று கொண்டுபோகப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் 22, 23 தேதிகளில் இறந்துபோனார்கள். பிறகு சிபிஐ அந்த ஸ்டேஷன் போலீஸ்காரர்கள்மேல் கொலைக் குற்றம் சாட்டியது. எங்கள் ஊரிலிருந்து தூரம் இல்லை. தகரத்தைத் தாண்டிப் போய் மருந்து வாங்கிவரலாம் என்று நான் ஒரு காலை எடுத்து வைத்தபோது அப்பா சட்டையைப் பிடித்து இழுத்தார். “செத்தா சர்க்கரைல சாவுறேன். நீ போகாத.”

ஐந்தாம் நாள் இன்சுலின் தீரும் நிலை. மெடிக்கல்காரர் போனை எடுத்தார், மருந்து இருக்கிறது என்றார், கடைப் பையனை அனுப்ப மாட்டேன் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கடைக்கும் அதே மாதிரி ஒரு தகரம் வரலாம். கட்டுப்பாட்டு அறை என்று கொடுத்திருந்த எண்ணைச் சுற்றிச் சுற்றி அடித்தேன். குறித்துக்கொண்டோம் என்றார்கள். அன்று சாயங்காலம், சந்து வழியாக ப்ளீச்சிங் பவுடர் மூட்டையோடு வந்த அக்கா, தெரு முழுக்கத் தூவி முடித்துவிட்டு எங்கள் வாசலில் நின்றார்.

“என்னய்யா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

சொன்னேன். மறுநாள் காலையில் ஏழு மணிக்கு எவர்சில்வர் தூக்குவாளியோடு வந்தார். உள்ளே நொறுக்கிய ஐஸ். அதற்குள் பாலித்தீன் பையில் சுற்றி இரண்டு இன்சுலின் குப்பி. தூக்குவாளியை வாசல் திண்ணையில் வைத்துவிட்டு, பத்தடி பின்னால் போய் நின்றுகொண்டு, “எடுத்துக்கோங்க” என்றார்.

அவர் தூய்மைப் பணியாளர். அந்த வருடம்தான் அரசு ‘துப்புரவு’ என்ற சொல்லை மாற்றி ‘தூய்மை’ ஆக்கியிருந்தது. அவர் வீடு ஊருக்கு மேற்கே, கண்மாய்க் கரைப் பக்கம். அங்கிருக்கிறவர்களை எங்கள் தெருவில் எப்படி நடத்தினார்கள் என்று எனக்குத் தெரியும். என் சின்ன வயதிலேயே கொல்லைப்புறத்தில் தனி டம்ளர் இருந்தது. சுவரில் ஓர் ஆணி, அதில் கவிழ்த்து மாட்டியிருக்கும். ‘தள்ளி நில்லு’ என்பது எங்கள் தெரு எத்தனையோ தலைமுறையாகச் சொல்லிப் பழகிய சொல். 2020இல் அதை ஒரு புதுச் சொல்லாக, சமூக இடைவெளி என்று மொழிபெயர்த்து, டிவியில் எங்களுக்கே சொன்னார்கள். அந்தப் பெயர் எவ்வளவு கூச்சமில்லாத பெயர் என்று அப்போது பலர் எழுதினார்கள். எனக்கு அது திண்ணையில் தூக்குவாளியைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

அம்மா என்ன நினைத்தாளோ, உள்ளே போய் நாங்கள் குடிக்கும் டம்ளரில் காபி கொண்டுவந்தாள். அக்கா சிரித்தார். “வேணாம்மா. நாலு தெருவுக்குள்ள போயிட்டு வாறேன். எங்கிட்டருந்து உங்களுக்கு வந்துறக்கூடாதுல்ல, அய்யாவுக்கு வேற சுகர்.” அம்மா டம்ளரோடு அப்படியே நின்றாள். பணத்தை மஞ்சள் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுத் திண்ணையில் வைத்தோம். 1666இல் பிளேக் பரவியபோது இங்கிலாந்தில் ஈயம் என்றொரு கிராமம் தன்னைத்தானே அடைத்துக்கொண்டது. அந்த ஊர்க்காரர்கள் எல்லைக் கல்லில் குழி செய்து, வினிகர் ஊற்றி, அதில் காசு போட்டு வைப்பார்களாம். வெளியூர்க்காரர் எடுத்துக்கொண்டு சாமான் வைத்துவிட்டுப் போவார். மஞ்சள் தண்ணீருக்கு எங்கள் அம்மா வரலாறு எதுவும் படிக்கவில்லை.

ஆறாம் நாள் ராத்திரி அப்பாவுக்குக் காய்ச்சல். ஆடி ஒன்று அன்று. ஆக்சிமீட்டர் 95 காட்டியது, கொஞ்ச நேரத்தில் 94, மறுபடி 95. நான் கம்ப்யூட்டர்காரன், திரையில் எண் ஏறி இறங்குவதைப் பார்த்துப் பழகியவன். சர்வர் விழுந்தால் எந்த எண்ணில் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் விரலில் மாட்டிய அந்தச் சின்னச் சிவப்பு வெளிச்சத்தில் எந்த எண்ணுக்கு அழவேண்டும் என்று தெரியவில்லை. காலையில் கவச உடையோடு இரண்டு பேர் வந்து மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் போனார்கள். முடிவு வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். அதுவரை அவர் மாடி அறையில், நான் இருந்த அதே அறையில். படியில் சாப்பாடு.

அந்த மூன்று நாளில் அப்பா கதவுக்கு உள்ளேயிருந்தும் நான் வெளியேயிருந்தும் பேசிக்கொண்டிருந்தோம். முகம் பார்க்காமல் பேசுவது அவருக்கு வசதியாக இருந்தது போல. வாழ்க்கையில் அவ்வளவு பேசியதில்லை. அப்போதுதான் தன் தாத்தாவின் கதையைச் சொன்னார்.

தாத்தா கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர். அப்போது எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது, 1910இல் திருநெல்வேலியிலிருந்து பிரித்துச் சேர்த்தது. கங்காணியோடு ரயிலேறி மண்டபம் போனால் நேரே கப்பல் கிடையாது. முதலில் முகாம். நம் மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. முன்பு தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறையில் இருந்தது, 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓட ஆரம்பித்த காலத்தை ஒட்டி மண்டபத்துக்கு வந்தது. காலரா இருக்கிறதா, பிளேக் இருக்கிறதா என்று ஐந்தாறு நாள் அடைத்துவைத்துப் பார்ப்பார்கள். அம்மை குத்துவார்கள். உடுத்திய துணியை வாங்கி ஆவியில் அவிப்பார்கள். தாத்தாவின் வேட்டி அவிந்து சுருங்கி முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது என்றும், அந்த வேட்டியோடுதான் அவர் கண்டியில் இறங்கினார் என்றும் எங்கள் வீட்டில் ஒரு சிரிப்புக் கதை உண்டு. “அவரு சிரிச்சுக்கிட்டுச் சொல்லுவாரு. ஆனா அந்த கேம்ப் பேரச் சொன்னா மட்டும் துண்ட எடுத்து மூஞ்சியத் தொடச்சுக்கிடுவாரு” என்றார் அப்பா, கதவுக்குப் பின்னாலிருந்து.

அந்த முகாமின் வேலி தாத்தாவைக் காப்பாற்றுவதற்காகப் போட்டது இல்லை. தோட்டத்தையும் தோட்டத் துரைகளையும் தாத்தாவிடமிருந்து காப்பாற்றப் போட்டது. வேலி எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். யாருக்காக என்பது அதைப் பார்த்தால் தெரியாது. மண்டபம் முகாமின் கதை அதோடு முடியவும் இல்லை. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியவர்கள் அங்கேதான் வந்து இறங்கினார்கள். 1983க்குப் பிறகு அகதிகள். தாத்தாவைக் கண்டிக்கு அனுப்பிய அதே கொட்டடி, அவரோடு போனவர்களின் பேரன் பேத்திகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. இன்றைக்கும் ரயில் நிலையத்தின் பெயர் மண்டபம் கேம்ப்.

எங்களுக்கும் ஓர் அடைப்பு இருந்தது, அரசாங்கத்துக்கு முன்பே. மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊரைவிட்டுப் போய் வெளியூரில் தங்கக் கூடாது. அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை செருகியிருக்கும். பார்த்ததுமே புரிந்துகொண்டு விலகிவிடுவோம், தாளிக்கக்கூட மாட்டார்கள். பெரியம்மை 1975க்குப் பிறகு இந்தியாவில் இல்லை, வேப்பிலை மட்டும் இன்னும் இருக்கிறது. இதை அறிவியல் என்று தலையில் தூக்கிவைத்து ஆடும் வாட்ஸப் ஆராய்ச்சியாளர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசி. ஆனால் ஒன்று உண்டு. வேப்பிலை செருகிய வீட்டை யாரும் ஏசியதில்லை. ‘ஆத்தா வந்துருக்கா’ என்பார்கள். நோய் வந்தவன் குற்றவாளி இல்லை, விருந்தாளி வந்த வீட்டுக்காரன். 2020இல் எங்களுக்கு அந்தச் சொல் இல்லை. பாசிட்டிவ் என்றோம். ஏப்ரலில், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் சென்னையில் கல்லெறிந்தார்கள். மூன்று நாளில், சுகாதாரப் பணியாளரைத் தாக்கினால் ஏழு வருடம் வரை சிறை என்று அந்த 1897 சட்டத்தில் அவசரமாகத் திருத்தம் சேர்த்தது மத்திய அரசு. கல்லுக்கும் என் போட்டோவுக்கும் தூரம் அதிகம்தான். ஆனால் இரண்டும் ஒரே சாலையில் இருக்கின்றன.

அப்பாவுக்கு நெகட்டிவ். 19ஆம் தேதி மத்தியானம் போன் வந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவர், முதல் வேலையாக மொட்டைமாடிக்குப் போய் மலையைப் பார்த்தார். மறுநாள் ஆடி அமாவாசை. வழக்கமாக அந்த வாரம் முழுக்கச் சதுரகிரிக்குப் போகிற வண்டிகளால் எங்கள் ஊர் அதிரும். அந்த வருடம் அனுமதி இல்லை. 24ஆம் தேதி ஆண்டாளுக்கு ஆடிப்பூரம், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் நிலையிலேயே நின்றது. அடுத்த வருடமும் ஓடவில்லை. 2022 ஆகஸ்ட் ஒன்றாம் தேதிதான் மறுபடி வடம் பிடித்தார்கள்.

மாமா பதினான்காம் நாள் திரும்பி வந்தார். பத்துக் கிலோ குறைந்திருந்தார். மறுநாள் தகரத்தைப் பிடுங்கினார்கள். முப்பத்திரண்டு வீட்டில் வேறு யாருக்கும் வரவில்லை. அது தகரத்தால்தானா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் தகரம் போனதும் எல்லோரும் தெருவில் வந்து நின்றோம், சும்மா, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாத ஒரு நன்றி தொண்டையில் அடைத்துக்கொண்டு நின்றது. அப்பா வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நான் பஞ்சாயத்து ஆட்களைப் பார்த்துக் கும்பிட்டேன். அவர்கள் ஆணியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்டில் ஒரு நாள் கண்மாய்க் கரைத் தெருவுக்குப் போனேன். அக்கா வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். அவர் மகள் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிக்குப் போகிறவள். உலகத்துக் காயத்துக்கெல்லாம் துணி நெய்யும் ஊர் அது. அம்மா கொடுத்தனுப்பிய சேலையையும் பழத்தையும் நீட்டினேன். என்னென்னவோ பேசினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “சேலைய வாங்கிக்கிடுறேன். ஆனா ஐஸு குடுத்தது மீன் ஏவாரிய்யா. காசு வாங்கல. அவருக்கும் ஒரு வார்த்த சொல்லிரு” என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அதான் பார்த்தேன், ஊசி போட்டா அயிர வாடை அடிச்சுச்சு” என்றார். மீன்காரரைப் போய்ப் பார்த்தேன். அவருக்கு அப்படி ஒன்று கொடுத்த ஞாபகமே இல்லை.

அக்கா அடுத்த முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா கொடுத்த காபியைக் குடித்தார். கூடத்தில் உட்கார்ந்து இல்லை, திண்ணையில். உள்ளே வாங்க என்று அம்மா ஒரு தடவைதான் கூப்பிட்டாள். கொல்லைப்புறத்து ஆணி இன்னும் சுவரில் இருக்கிறது. இப்போது அதில் துடைப்பம் தொங்குகிறது.

எதிர்வீட்டு அத்தை அந்தத் தீபாவளிக்கு முதல் ஆளாக எங்கள் வீட்டுக்கு முறுக்குக் கொண்டுவந்தார். “அன்னைக்கு எவனோ போட்டோ எடுத்துப் போட்டுட்டான் தம்பி. மாமாவுக்கு அதுதான் நோயவிடப் பெரிய வருத்தம்” என்றார். எடுத்த கோணத்தைப் பார்த்திருந்தால் அது எந்த ஜன்னல் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. நான் முறுக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். இன்றுவரை சொல்லவில்லை. அத்தைக்கு இணையத்தில் படிக்கும் பழக்கம் கிடையாது. அவர் மகள் படிப்பாள். நான் எழுதுவது வந்தால் லிங்க் அனுப்பச் சொல்லிப் போன வாரம்தான் கேட்டாள். அனுப்பப் போகிறேன்.